வகை: மட்டு

போயாவுக்கு முதல் நாள்
பாசிக்குடா விடுதியின் களஞ்சிய அறையில்
போத்தல்களை எண்ணிப் பூட்டுவது என் வேலை.
அராக்கு முப்பத்தொன்று. பியர் எட்டுப் பெட்டி.
மறுகா, கொழும்பிலிருந்து வந்த பெட்டிக்குள்
எந்தத் தட்டிலும் சேராத ஆறு.
வெளிறிய தேத்தண்ணி நிறம்.
எழுத்து ஒன்றும் பிடிபடவில்லை,
ஓர் இலக்கம் மட்டும்: பதினாலு.

நிஸ்தார் கதவடியிலேயே நின்றார்.
"என்னகா இது, சோஸா சாராயமா?
சோஸெண்டா எண்ட குசினிக்கு.
மற்றதெண்டா ஒண்ட பூட்டுக்கு."

சயோகோவைக் கூப்பிட்டேன்.
மூன்று மாத ஒப்பந்தத்தில் வந்த சமையல்காரி.
"மிரின்" என்றாள், ஈரக் கையைத் துடைத்தபடி.
முதல் எழுத்து, சுவை.
இரண்டாவதற்கு அவளிடமிருந்த ஆங்கிலம் போதவில்லை.
உதட்டைச் சுருக்கினாள்,
நாக்கை அண்ணத்தில் ஒட்டவைத்து
இழுத்துக் காட்டினாள்.

கயர்!

ஓம், அந்தக் கயரைப் பழத்திலிருந்து எடுப்பது.
அதற்கென்றே ஓர் எழுத்து வைத்திருக்கிறார்கள்.
போனில் பழத்தின் படம் வந்தது:
எங்கள் பனிச்சைக்குச் செம்மஞ்சள் சட்டை போட்ட மச்சாள்.
நான் பனிச்சங்கேணிக்காரி.
அந்தக் காயை இடித்த நீர் விரலில் பட்டால்
ஒரு கிழமைக்குப் போகாது.
கயரை எடுக்கலாமென்று
எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.
ஊருக்கே அதன் பெயரை வைத்துவிட்டு
வலையைத்தான் ஊறப்போட்டோம்.

"ஆனால் அது எழுத்துச் சொல்லும் கதை" என்றாள்.
எழுத்து பிறகு வந்து ஒட்டியிருக்கலாம்.
சீனத்திலிருந்து கப்பலேறி வந்த குடிவகையாம்,
சொட்டும் தேன் என்று அங்கே அதற்குப் பெயராம்.
இல்லை, தங்கள் நாட்டு இனிப்புக் கள்ளிலேயே
கெடாமலிருக்க வடிசாராயம் கலந்து
இதுவானது என்பாரும் உண்டாம்.

"எது சரி?"
தோளை உயர்த்தி இறக்கினாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
மட்டக்களப்பில் வந்து நின்று
ஒரு பெயருக்கு இரண்டு மூலம் என்கிறாள்!
சேற்றுக் களப்பு என்பார்கள்,
மட்டமான களப்பு என்று சண்டைக்கு வருவார்கள்.
அகராதியில் பார்த்தால் மட்டு என்பது தேன்.
அடுத்த சொல், கள்.
சரியென்று கள்ளைத் தேடிப் போனால்
அங்கேயும் தேன் குந்தியிருக்கிறது.
நறவு, தேறல், எந்தக் கதவைத் தட்டினாலும்
இரண்டும் ஒரே வீட்டில்.
இந்தத் தமிழைப் போயாவுக்கு
எந்தப் பூட்டால் பூட்டுவது?

பதிவேட்டில் எழுதினேன்.
பெயர்: மிரின். தொகை: ஆறு.
வகை என்ற இடத்தில் கனநேரம் பேனை நின்றது.
மட்டு.

பின்னேரம் மதுவரிக்காரர் வந்தார்.
(தேனுக்கும் சேர்த்துத்தான் வரியோ?)
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"பிள்ளை, மாவட்டம் கேட்கல்ல. வகை."
"வகைதான் ஐயா."
பெயரின் கதையைத் தொடங்கினேன்.
கயர் வரைக்கும் கேட்டார்.
பிறகு போத்தலைத் திருப்பி
அந்தப் பதினாலில் விரலை வைத்தார்.

ஆறும் அராக்குக்குப் பக்கத்தில் போயின.

இரவு நிஸ்தார் வாகரைத் தேனில்
தேசிக்காய் பிழிந்து, சோற்றுக் கஞ்சி ஒரு கரண்டி விட்டு
பாரை மீனில் பூசித் தணலுக்குக் காட்டினார்.
சயோகோ ஒரு துண்டு தின்றாள்.
"மிரின் இல்லை" என்றாள்,
கோப்பையை மறுபடி நீட்டி.
"இல்லத்தான்" என்றார் நிஸ்தார்.
"இதுக்கு என்ன பேரெண்டு எழுதப்போறாய்?"

சாவி என் இடுப்பில் கிடந்தது.
விரலில் ஒட்டியதை
இன்னும் நக்கிக்கொண்டிருந்தேன்.